ஒருவனுக்குப் பல வாசல்

பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாட்களில் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் முதலிய பகுதிகளில் ஒரே பேச்சுத்தான். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஐ.ஐ.டி.யிலும், இரண்டொரு தனியார் சர்வகலாசாலைகளிலும் ஏககாலத்தில் இடம் கிடைத்துவிட்டதென்று பெற்றோர் பூரிக்கின்றனர். உழைத்துப் பெற்ற வெற்றியைப் போற்றுவது நியாயமே. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒரு மாணாக்கன் அமரக்கூடிய ஆசனம் ஒன்றே. மற்ற ஆசனங்களின் கதி யாது?

நமது ஜில்லாவின் பழைய நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அந்நாளைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, கல்லூரிப் படிப்பிற்குப் பெங்களூருக்கும் சென்னைக்கும் சென்றே தீரவேண்டியிருந்தது. இன்றோ சேலத்திலேயே 1986 முதல் அரசினர் வைத்தியக் கல்லூரியும், 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகமும் நடைபெறுகின்றன. வாசல்கள் பெருகின, வாசலில் காத்து நிற்போர் அதனினும் பெருகினர். 2025-இல் நீட் பரீட்சை எழுதினோர் மட்டும் 22 லட்சத்திற்கு மேற்பட்டவர். இந்நிலையில் ஒருவன் வேண்டாமலே பிடித்து வைத்திருக்கும் இடம், மற்றொருவனுக்கு அடைபட்ட கதவாகும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. முன்னர் ஐ.ஐ.டி.களும் என்.ஐ.டி.களும் தனித்தனியே இடம் வழங்கின. ஒரே மாணாக்கன் இரண்டிலும் இடம் பெற்று ஒன்றைக் கடைசி நேரத்தில் கைவிட, அந்த இடம் யாருக்கும் பயன்படாமல் போவதுண்டு. 2015 முதல் இரண்டிற்கும் பொதுவான கலந்தாய்வு ஏற்பட்டபின், ஒருவனுக்கு ஒரே இடம் என்ற முறை நிலைபெற்றது. எனினும் மாகாணக் கலந்தாய்வும், வைத்தியக் கலந்தாய்வும், தனியார் கல்லூரிகளும் இந்த ஏற்பாட்டிற்குப் புறம்பாகவே உள்ளன. வைத்தியப் பட்ட மேற்படிப்பில் இடங்களை முடக்கி வைக்கும் வழக்கத்தை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அகில இந்தியக் கலந்தாய்வும் மாகாணக் கலந்தாய்வும் ஒரே கால அட்டவணைப்படி நடக்கவேண்டுமென்று உத்தரவிட்டது.

நிற்க. இதில் பணத்தின் கை இருப்பதையும் மறைத்தல் தகாது. சர்க்கார் கலந்தாய்வு முடியுமுன்பே கட்டணத்தைச் செலுத்தி இடத்தை உறுதி செய்யுமாறு பல தனியார் கல்லூரிகள் கேட்கின்றன. வசதியுள்ளவர் மூன்று இடங்களில் பணம் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். அம்மாப்பேட்டையில் தறி நெய்பவரும், நாமக்கல்லில் லாரி ஓட்டுபவரும் ஓரிடத்தில் கட்டவே கடன் வாங்கவேண்டும். கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்துள்ளது மெய்யே. ஆனால் முதலில் கட்டுவதற்கே வழியில்லாதவனுக்குத் திருப்பித் தரும் விதியால் பயன் என்ன? அரசினர் பள்ளி மாணாக்கருக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கித் தமிழ்நாட்டு சர்க்கார் 2020-இல் செய்த சட்டம், இத்தகைய ஏற்றத்தாழ்வைக் கண்டே பிறந்தது.

ஆகவே, எல்லாக் கலந்தாய்வுகளையும் ஒரே காலக்கிரமத்தில் இணைப்பது சர்க்காரின் கடமை. அது முடியுமுன் கட்டணம் கேளாதிருப்பது கல்லூரிகளின் கடமை. சேரப்போவதில்லையென்று தீர்மானித்த அன்றே இடத்தை விட்டுக்கொடுப்பது மாணாக்கரின் கடமை. அதற்குச் சட்டமும் வேண்டா, நீதிமன்றமும் வேண்டா. எத்தனை வாசல்கள் திறந்தன என்பதைச் சொல்லிப் பெருமைப்படும் பெற்றோர், தம் பிள்ளை எத்தனை வாசல்களைப் பிறருக்காக உரிய காலத்தில் விட்டு விலகினான் என்பதையும் சொல்லிப் பெருமைப்படுவாராக.