ஏரியைத் தொலைத்த மாம்பலம்

சென்னை மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரி தெரியும் சாலை என்று பொருள். இன்று அங்கே நின்றால் தெரிவது அடுக்குமாடி வீடுகளும் மளிகைக் கடைகளும் இருசக்கர வாகனங்களும்தான். சற்று வடக்கே நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு', அதாவது ஏரிக்கரைச் சாலை. பக்கத்திலேயே 'லேக் ஏரியா'. மூன்று பெயர்களும் ஒரே ஏரியைச் சொல்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி உண்மையாகவே இருந்தது. மாம்பலம் அதன் ஓரத்தில் இருந்த ஒரு சாதாரண உழவர் கிராமம்.

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டை பக்கமாக நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். மழைக்காலத்தில் ஏரி ததும்பும்போது வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டி நடத்தினார்கள். பழைய சென்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் படகுப் போட்டியை மறக்காமல் சொல்வார்கள். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்ததைப் பற்றி எழுதுவது அரிது.

அன்று மாம்பலம் சென்னை நகரத்தைச் சேர்ந்ததல்ல. செங்கல்பட்டு மாவட்டத்து சைதாப்பேட்டை தாலுகாவில் இருந்தது. பாலாறு, செய்யாறு தவிர்த்தால் அந்த மாவட்டம் ஏரியை நம்பியே வாழ்ந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று அந்த வட்டாரத்து உழவர் இன்றும் சொல்லும் மூன்று பட்டங்களும் ஏரியில் நிற்கும் தண்ணீரை வைத்துப் போட்ட கணக்குதான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் சம்பா கரையேறும். மிச்சத் தண்ணீர் இருந்தால் நவரை நடலாம். கோடையில் மழை கைகொடுத்து, கிணறும் இருந்தால் சொர்ணவாரி. ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டுக்கு ஏற்றம் போட்டு கிணற்றில் இருந்து இறைப்பார்கள்.

இந்த வட்டாரத்து ஊர்கள் எப்படி நடந்தன என்பதற்கு நல்ல ஆவணம் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடுகள், நிலம், ஏரி, விளைச்சல் என்று எல்லாம் அதில் அடக்கம். களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும், சர்க்காருக்கும் பங்குக்காரர்களுக்கும் பிரிக்கும் முன்பே ஊர்த் தொழில் செய்தவர்களுக்கு அளந்துவிட வேண்டும். தச்சர், கொல்லர், வண்ணார், கணக்குப் பிள்ளை, வெட்டியான் என்று அந்தப் பட்டியல் நீளும். மேரை, சுதந்திரம் என்று இதற்குப் பெயர். ஏரி மராமத்துக்கும் குவியலில் இருந்தே ஒரு பங்கு போகும். மடை திறந்து மூடி, கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோகும் நீர்க்கட்டிக்குக் கூலி நெல்லாகத்தான். தண்ணீரைச் சரியாகப் பிரிக்காவிட்டால் அவர் கூலியும் குறையும். இன்று எத்தனை ஏரிகளில் மதகு யார் பொறுப்பு என்று ஊருக்கே தெரியவில்லை!

நிலத்தைப் பிரித்ததிலும் ஒரு முறை இருந்தது. சில ஊர்களில் பங்குகளை நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டார்கள், அது அறுதிக்கரை. வேறு சில ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வயல்களை மாற்றிக்கொண்டார்கள், அது பசுங்கரை. தலைமடை வயலே ஒருவருக்கு என்றென்றும் நிலைக்காது என்பதால் கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும் என்ற அக்கறை எல்லோருக்கும் இருந்திருக்கும்.

இதைப் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். பங்கு வைத்திருந்தவர்கள் சிலர். ஏர் பிடித்தவர்களும் நாற்று நட்டவர்களும் வேறு பலர். படியாளாக உழைத்த பட்டியல் சாதி மக்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை அவர்களின் நிலையை விரிவாகச் சொன்னது. பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது அதுதான்.

மாம்பலத்துக்குப் பக்கத்து ஊரான சைதாப்பேட்டைக்கு வேளாண்மை வரலாற்றில் இன்னொரு இடம் உண்டு. கவர்னர் டெனிசன் காலத்தில், 1860களில் அங்கே அரசு சோதனைப் பண்ணை தொடங்கியது. நீராவிக் கலப்பை முதல் விதைக்கும் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் வரை இங்கிலாந்தில் இருந்து கொண்டுவந்து சோதித்தார்கள். பண்ணையை ஒட்டி எழுந்த வேளாண் பள்ளி 1906இல் கோவைக்கு இடம் மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் தொடக்கமாக 1868ஆம் ஆண்டு சைதாப்பேட்டைப் பள்ளியைத்தான் சொல்கிறது. நாம் வாங்கும் கோ, ஏடிடி ரக விதைகளுக்குப் பின்னால் உள்ள ஆராய்ச்சி மரபின் வேர், ஏரியும் வயலுமாக இருந்த இந்த வட்டாரத்தில் இருக்கிறது.

1911இல் மாம்பலத்துக்கு ரயில் நிலையம் வந்தது. பட்டணத்தில் வீட்டுமனைக்குத் தட்டுப்பாடு. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்ததும் நீதிக்கட்சி அரசின் பார்வை ஏரிமேல் விழுந்தது. 1923 முதல் ஏரியின் மாம்பலம் பகுதியை வடித்து மேடாக்கினார்கள். 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மனைகள் வேகமாக நிரம்பின. தண்டவாளத்துக்குக் கிழக்கே புது நகரம், மேற்கே பழைய கிராமம். அந்தப் பழைய பாதிதான் மேற்கு மாம்பலம். கிழக்கே அகலத் தெருவும் பூங்காவும் திட்டமிட்டுப் போட்டார்கள். மேற்கே வயலும் வரப்பும் அப்படியே மனையானதால் தெருக்கள் குறுகலாகவே நின்றுவிட்டன. மாம்பலத்துக் கொசு பல தலைமுறைக்குக் கேலிப் பேச்சானது. ஏரியின் வடபகுதி குப்பை கொட்டும் இடமாகி, கடைசியில் 1976இல் அங்கே வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

தண்ணீர் மட்டும் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. வள்ளுவர் கோட்டம் அருகே தொடங்கி தி.நகர் வழியாக நந்தனம் பக்கம் அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாய்தான் ஏரியின் மிச்சம். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தி.நகர், மேற்கு மாம்பலம் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. ஏரி இருந்த பள்ளம் என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

நகரம் வளர்ந்தபோது நடந்ததை இப்போது ஏன் கிளற வேண்டும்? மாம்பலத்துக்கு 1923இல் வந்தது இன்று திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஏரி ஊர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. மதுரையிலும் உலகனேரிக் கண்மாய் இடத்தில்தான் உயர் நீதிமன்றக் கிளை நிற்கிறது. ஏரியை யாரும் முதல் நாளே மூடுவதில்லை. முதலில் ஆயக்கட்டு வயல் மனையாகும். பாசனம் நின்றதும் மதகைக் கவனிக்க ஆளிருக்காது. வரத்துக்கால் தூரும். 'பயன்பாட்டில் இல்லாத ஏரி' என்று ஒரு கோப்பு எழுதப்படும். பிறகு பேருந்து நிலையமோ அலுவலகமோ வர அதிக நாள் ஆகாது. எனவே கரையில் மரம் நடுவதோடு ஏரி காப்பாற்றப்படும் என்று நான் நம்பவில்லை. ஆயக்கட்டில் ஒரு போகமாவது விளைய வேண்டும்.

உழவர்கள் செய்யக்கூடியவை உண்டு. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. உங்கள் ஏரி யாரிடம் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிராம 'அ' பதிவேட்டில் ஏரி, வரத்துக்கால், கலங்கல், போக்குக்கால் ஆகியவற்றின் சர்வே எண்களைப் பார்த்து, புலப்படத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். ஆக்கிரமிப்பு பெரும்பாலும் ஏரிக்குள் தொடங்காது, வரத்துக்காலில்தான் தொடங்கும். நீர்வளத் துறை ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி எல்லையை அளந்து கல் நடும்படி மனு கொடுக்கலாம். ஒன்றிய ஏரி என்றால் கிராம சபைத் தீர்மானம் கைகொடுக்கும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபை இதற்குப் பொருத்தமான நாள்.

வண்டல் எடுக்க இப்போது வட்டாட்சியரிடமே இலவச அனுமதி பெறலாம். எடுக்கும்போது கரையடியை விட்டுத் தள்ளி, ஏரியின் உட்பகுதியில் சீராக எடுங்கள். ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டினால் அந்தக் குழித் தண்ணீர் மதகுக்கு ஏறாது. மணலோ களிமண் பாறையோ தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஆவணி முடிவதற்குள் வரத்துக்கால் வெட்டி, மதகுப் பலகையைச் சரிபார்த்துவிட்டால் ஐப்பசி மழையை அப்படியே பிடிக்கலாம்.