‘நம்மவர் கடை’ என்ற பாசம் மட்டும் போதுமா?

தீபாவளி வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸில் எத்தனையோ துணிக்கடைகள். ஆனாலும் சிலர் ஆண்டுதோறும் ஒரே கடைக்குத்தான் போவார்கள். ஏன்?

இரண்டு பொருத்தங்கள் அதற்குக் காரணம். ‘இது என்னைப் போன்றவர்களுக்கான கடை’ என்ற உணர்வு ஒன்று. நியாயமான விலை, சாயம் போகாத துணி, சொன்ன நாளில் தைத்துக் கிடைக்கும் ரவிக்கை ஆகிய பயன்கள் மற்றொன்று.

சந்தையியல் ஆய்வாளர் ஜோசப் சர்ஜியும் குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவற்றில் பயன் சார்ந்த பொருத்தமே வலுவானது. ஆனால், மனத்துக்கு நெருக்கமான கடை என்றால் அதன் பயன்களும் நமக்குக் கூடுதலாகத் தெரியுமாம்.

நம் சிறு வணிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாசம் வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்து வரும். சொன்ன நாளில் ரவிக்கை கிடைக்காவிட்டால், அடுத்த தீபாவளிக்கு அவர் பக்கத்துக் கடையில் இருப்பார்.