கூரையில் பட்டு முகத்தில் விழும் ஒளி
வீட்டுக்குள் உருவப்படம் எடுக்கத் தனி ஃபிளாஷைப் பயன்படுத்தும் முறை

வங்கிக் கணக்குப் புத்தகத்திற்காகவோ அடையாள அட்டைக்காகவோ எடுத்த சிறு படத்தைத் தவிர, அண்மைக்காலப் படம் என்று வேறொன்றும் இல்லாத முதியவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். அவர்கள் மறைந்த பின் அந்தச் சிறு படத்தையே பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை சூட்டுகிறோம். பேரப்பிள்ளைகள் அறிந்த சிரிப்பு அதில் இருப்பதில்லை. அந்த வீட்டில் காமிரா இல்லாமலும் இல்லை. திருமணத்திற்கும் சுற்றுலாவிற்கும் என்று வாங்கிய நல்ல காமிரா அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கும். வெளியே பகலொளியில் அழகாகப் படம் தரும் அதே காமிரா, கூடத்திற்குள் வந்ததும் மங்கலாகவும் கலங்கலாகவும் தருகிறது என்பதே அது உறங்குவதற்குக் காரணம்.

மங்கலைப் போக்கக் காமிராவிலேயே பொருத்தப்பட்ட சிறு ஃபிளாஷை இயக்கினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. முகம் வெளுத்து, கண்மணி சிவந்து, பின்சுவரில் கரிய நிழல் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. இந்தக் குறைகளைப் போக்கும் எளிய கருவி, காமிராவின் மேல் பொருத்தப்படும் தனி ஃபிளாஷ். அதைப் பயன்படுத்தும் முறையை இங்கே காண்போம்.

ஒளி எங்கிருந்து வருகிறது?

காமிராவோடு பிறந்த ஃபிளாஷின் குறைகளுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அது லென்சுக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே ஒளி நேராகக் கண்ணுக்குள் புகுந்து, விழித்திரையின் இரத்த நாளங்களில் பட்டு, சிவப்பாகத் திரும்புகிறது. மூக்கு, கன்னம், தாடை ஆகியவற்றின் மேடுபள்ளங்களைக் காட்டும் நிழல்களும் விழ வழியில்லாமல் முகம் தட்டையாகிவிடுகிறது. இரண்டாவது, அது மிகச் சிறிய விளக்கு. ஒளி மூலம் சிறிதானால் நிழலின் விளிம்பு கத்தி போல் கூர்மையாகும். பெரிதானால் நிழல் இளகும். உச்சி வெயிலின் நிழலையும் மேகமூட்ட நாளின் நிழலையும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு விளங்கும்.

தனி ஃபிளாஷின் தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்ப முடியும். அதன் பயன் முழுவதும் இந்தத் திருப்பத்தில்தான் அடங்கியிருக்கிறது. தலையை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பிவிட்டால், கூரையின் பரந்த பகுதியே விளக்காக மாறிவிடுகிறது. ஒளி மேலிருந்து மென்மையாக இறங்குவதால் கண்ணும் சிவப்பதில்லை. பின்சுவரில் கரிய நிழலும் விழுவதில்லை.

கூரையிலிருந்து மட்டும் ஒளி வந்தால் கண்குழிகளில் நிழல் தேங்கும். ஆழ்ந்த கண்களை உடைய முதியவர்களுக்கு இது நன்றாக இராது. ஆகவே, ஃபிளாஷின் தலையைப் படம் எடுப்பவருக்குப் பின்னுள்ள சுவரும் கூரையும் சேரும் மூலையை நோக்கியோ, பக்கத்துச் சுவரை நோக்கியோ சாய்ப்பது மேல். பக்கச் சுவரில் பட்டு வரும் ஒளி சாளரத்து ஒளியைப் போன்றே அமைந்து, முகத்தின் ஒரு பாதியை ஒளியிலும் மறு பாதியை மெல்லிய நிழலிலும் வைக்கும். நிழற்பக்கம் மிகவும் இருண்டால் அங்கே ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் போதும்.

வெள்ளி நாணயத்தைப் போல அளந்து செலவிடுக

ஒளி தூரத்தோடு விரைந்து குறையும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். பத்தடி உயரக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளி நேர்வழியை விட நீண்ட வழி செல்கிறது. கூரையும் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. நேராக அடித்தால் கிடைக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான் முகத்திற்கு வந்து சேரும்.

இந்த இழப்பை ஈடுசெய்யக் காமிராவின் உணர்திறனை உயர்த்திக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. 100-லிருந்து 400-க்குச் சென்றால் உணர்திறன் நான்கு மடங்காகிறது. தொடக்கத்திற்கு ஐ.எஸ்.ஓ. 400, துளை எஃப் 4, ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிளாஷைத் தானியங்கி முறையான டி.டி.எல். நிலையில் விடலாம். அது முன்னதாக ஒரு சிறு மின்னலை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளந்து, தேவையான அளவைத் தானே தீர்மானிக்கும்.

இங்கே மனத்தில் கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஃபிளாஷின் மின்னல் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் முடிந்துவிடுவதால், ஷட்டர் வேகத்தை மாற்றினாலும் முகத்தில் விழும் ஃபிளாஷ் ஒளியின் பதிவு மாறுவதில்லை. துளையும் ஐ.எஸ்.ஓ.வும் அதை மாற்றும். ஷட்டர் வேகம் அறையின் இயல்பான வெளிச்சத்தை மட்டுமே மாற்றும். பின்னணி இருண்டு குகை போல் தோன்றினால் ஷட்டரை 60-இல் ஒரு பங்குக்கு மெதுவாக்குக. பூசையறை விளக்கும் சாளரமும் உயிர்பெறும். மறுபக்கம், பல காமிராக்களில் 200 அல்லது 250-இல் ஒரு பங்கிற்கு மேல் விரைவாக வைத்தால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். அதற்குள் நிற்பது நலம்.

நம் வீடுகளுக்கு உரிய சிக்கல்கள்

ஒளி எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறதோ அந்தச் சுவரின் நிறத்தைச் சுமந்து வரும். பச்சை வண்ணம் பூசிய சுவரில் பட்ட ஒளி முகத்தை நோயாளியின் முகம் போல் காட்டும். அத்தகைய அறையில் ஓர் உறவினரிடம் வெள்ளை வேட்டியையோ படுக்கை விரிப்பையோ விரித்துப் பிடிக்கச் சொல்லி அதில் ஒளியைப் பட வைக்கலாம். மரக்கூரையோ ஓட்டுக்கூரையோ உள்ள வீடுகளுக்கும் இதுவே வழி.

மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது. அதன் இறக்கைகள் ஒளியின் வழியில் குறுக்கிடும், தலைமுடியும் கலையும். முகத்திற்குப் பின்னால் கண்ணாடியிட்ட சாமி படமோ நிலைக்கண்ணாடி பதித்த பீரோவோ இருந்தால் ஒளி அதில் பட்டுத் தெறிக்கும். இருக்கையைச் சற்றே திருப்பினால் அது மறையும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு ஒளியைப் பக்கவாட்டிற்கோ இன்னும் உயரத்திற்கோ மாற்ற வேண்டும். அப்படியும் மறையாவிட்டால் கண்ணாடியின் காதுப்பிடியைச் சிறிது உயர்த்தச் சொல்லலாம். நாள்தோறும் கண்ணாடி அணிபவரைக் கழற்றச் சொல்வது தகாது, அவர் வேறொருவராகிவிடுவார்.

வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்தவரைப் படமெடுக்கும்போது, அந்த வெண்மையைக் கண்டு காமிரா ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அப்போது ஃபிளாஷ் அளவைச் சிறிது கூட்ட வேண்டும். முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, முகத்தை வைத்தே அளவை முடிவு செய்க. உடையை வைத்து அன்று. கருநிறத் தோலை வெளுப்பாகக் காட்டுவதற்காக ஒளியைக் கொட்டுவது படத்தைக் கெடுக்கும். அத்தோலின் அழகு அதன் மேல் தவழும் மினுமினுப்பில் இருக்கிறது. பக்கத்திலிருந்து வரும் மென்மையான ஒளி அதை வெளிக்கொணரும்.

ஃபிளாஷின் ஒளி பகலொளியை ஒத்தது. ஏறத்தாழ 5500 கெல்வின். பழைய குண்டு பல்போ 3000 கெல்வினுக்கும் குறைவான மஞ்சள் ஒளி தருவது. இரண்டும் கலந்தால் முகம் ஒரு நிறமும் பின்னணி ஒரு நிறமுமாகும். மஞ்சள் விளக்குகளை அணைத்துவிடலாம். அல்லது ஃபிளாஷின் மேல் ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டி இரண்டையும் ஒன்றாக்கலாம்.

அமர்பவரின் வசதி

உருவப்படத்தில் பாதி வேலை காமிராவுக்கு வெளியே நடப்பது. முதியவரை அவர் வழக்கமாக அமரும் நாற்காலியிலேயே அமர்த்துக. ஒளி அமைப்பை வேறொருவரை வைத்து முன்னதாகவே சரிபார்த்துக்கொண்டால் அவர் களைப்படைய மாட்டார். ஏறத்தாழ இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் மூக்கும் நெற்றியும் அளவு மாறாமல் இருக்கும். அவரோடு பேசுவதற்கு அவருக்குப் பிரியமான ஒருவரைப் பக்கத்தில் இருத்தலாம். ஒளி வீசும் நொடிக்காக விறைத்துக் காத்திராமல் பேச்சில் ஆழ்ந்திருக்கும் முகமே நாம் தேடும் முகம். கண் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அருகிலிருந்து நேராக ஃபிளாஷ் அடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்

ஒரே ஒரு ஃபிளாஷ் போதும். தலையை எல்லாப் பக்கமும் திருப்ப முடிகிறதா, உங்கள் காமிரா நிறுவனத்தின் டி.டி.எல். முறைக்குப் பொருந்துகிறதா என்பதைப் பார்த்து வாங்குக. ஒரு நிறுவனத்தின் காமிராவுக்கான ஃபிளாஷ் மற்றொன்றில் தானியங்கியாக வேலை செய்யாது. மிகப் பழைய ஃபிளாஷ்கள் சில, காமிராவுக்குள் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தி அதைப் பழுதாக்கக்கூடும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அவற்றை வாங்க வேண்டாம். மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலங்கள் சிக்கனமானவை. பழுதான ஃபிளாஷை வீட்டில் திறந்து பார்ப்பது ஆபத்து. அணைத்த பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். விலைச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கேட்டுப் பெறுக.

இந்தக் கலையைச் சிறுதொழிலாக்க எண்ணும் இளைஞர்களும் நம் வாடிக்கையாளர்களில் உண்டு. 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டம் உற்பத்தி, வணிகம், சேவை ஆகியவற்றைச் சேர்ந்த சிறுதொழில்களுக்கானது. அதன் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெற வழியுண்டு. ஆயினும் முதலில் ஒரு ஃபிளாஷைக் கொண்டு பழகி, சில வாடிக்கையாளர்களைச் சேர்த்து, வரவு செலவை எழுதிப் பார்த்த பின் கடனை நாடுவதே முறை.

எடுத்த படங்களைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல், சிறந்த ஒன்றையாவது அச்சிட்டு அவர் கையிலேயே கொடுங்கள். தம் படத்தைத் தாமே பார்த்து மகிழும் வாய்ப்பு, அவர் இருக்கும்போதுதான் உண்டு.