கணினியின் தொடக்க ஏற்றியும் அதனைச் செப்பனிடும் முறையும்

கொழும்பிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிலே எமது பதுளையை வந்தடைந்தது. மாரிக்காலத்தில் ஒரோவழி மண்சரிந்து அப்பாதை அடைபடுவதுண்டு. வண்டி வாராமையாற் பதுளை நகரே அழிந்ததென்று கூறுவார் எவருமிலர். ஆயின், கணினியொன்று தொடங்காது நின்றவிடத்து அதனுள் இருந்தன யாவும் அழிந்தன என்று மயங்குவார் நம்முட் பலர். அம்மயக்கத்தால் யாம் இழக்கவிருந்த பொருளொன்று உண்டு.

இம்மலர் வேலைக்கென அன்பர் ஒருவர் நல்கிய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருந்தோம். முதுமையுற்ற கணினியிலும் அஃது இலகுவாய் இயங்கும், விலையும் இல்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து வந்து கற்றுச்சென்ற பழைய மாணவரின் பெயரும் முகவரியும் அதனுள் இருந்தன. தோட்டத்துக் கந்தோர் வழியே கடிதம் பெறும் லயத்துக் குடும்பங்களை வீடுவீடாகக் கேட்டு எம் மாணவர் திரட்டியவை அவை. வேறு பிரதி எடுத்துவையாமை எமது குற்றமே. இந்நிலையில் ஒருவர், நன்மை கருதியே, அதே வன்தட்டில் வேறோர் இயங்குதளத்தையும் நிறுவினார். மறுநாள் லினக்ஸைக் காணோம். புதிய தளமோ லினக்ஸ் இருந்த பிரிவினை அறியமாட்டாது, அதனை வடிவமைக்கலாமா என வினவி நின்றது. முழுவதையும் அழித்துப் புதிதாய் நிறுவுக என்றார் கடைக்காரர்.

மின்விசை ஏறியதும், தாய்ப்பலகையில் உறையும் சிறு நிரலொன்று விழித்து வன்தட்டின் முதற்கூறினை வாசிக்கும். பழைய அமைப்பில் அக்கூறு 512 பைற்று அளவினது. அதனுள் 446 பைற்றே தொடக்க நிரலுக்குரியது. 64 பைற்றிற் பிரிவுகளின் அட்டவணை. எஞ்சிய 2 அடையாளக் குறி. யூனிக்கோட் முறையில் எழுதின், 446 பைற்றுக்குள் ஒரு வெண்பா அடங்கும், இரண்டு அடங்கா! ஆதலின் அந்நிரல் செய்வது தன்னினும் பெரிய நிரலொன்றை அழைத்தல் ஒன்றே. லினக்ஸ் கணினிகளில் அவ்விரு பணியையும் பெரும்பாலும் ஆற்றுவது 'கிரப்' என்பதாம். 1995இல் எரிக் போலின் என்பார் ஆக்கிய இதனைப் பின்னர்க் குனூ திட்டத்தினர் ஏற்றுப் பேணி வருகின்றனர். இயங்குதளத்தின் கருவைத் தேடி நினைவகத்தில் ஏற்றிவிட்டு அது விலகிக்கொள்ளும்.

வேறொரு தளம் நிறுவப்படுங்கால் அந்த 446 பைற்றின்மேல் தன் நிரலை எழுதிவிடுதல் உண்டு. கோப்புகளுக்கு யாதொரு ஊறுமில்லை. கைகாட்டி மாத்திரமே வேறு பாதையைக் காட்டுகின்றது.

செப்பனிடப் புகுவோர், நிறுவாமலே இயங்கவல்ல லினக்ஸைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குக. அங்ஙனம் தொடங்கியதும் யாம் முதற்கண் செய்தது முகவரிப் பட்டியலைப் பிரதியெடுத்தலே. பின்னர் லினக்ஸ் உள்ள பிரிவை இனங்கண்டு பொருத்தி, டெவ், புரொக், சிஸ் என்னும் கோப்புறைகளையும் அதனோடு பிணைத்து, 'சீஎச்ரூட்' என்னும் கட்டளையால் உட்புகுதல் வேண்டும். அங்குத் தட்டின் பெயரோடு 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையை இடுக. ஈண்டு வழுவுவோர் பலர். 'எஸ்டிஏ' எனத் தட்டின் பெயரே வேண்டும். 'எஸ்டிஏ1' எனப் பிரிவின் எண்ணையும் சேர்த்தல் பிழை. யாமும் ஒருமுறை அங்ஙனம் இட்டுக் கடிந்துகொள்ளப்பட்டோம். உபுண்டு, டெபியன் வகைகளில் ஈற்றில் 'அப்டேட்-கிரப்' இடின் தெரிவுப் பட்டியல் மீள எழுதப்படும்.

புதிய கணினிகளிலே தொடக்க நிரல் தனியொரு சிறு பிரிவிற் கோப்பாய் இருப்பதால், அமைப்புத் திரையில் தொடக்க வரிசையை மாற்றினாலே போதுமானதாதலும் உண்டு. அவற்றிற்கும் வேறு இடர்கள் உள. 2024 ஆகஸ்டில் விண்டோஸின் பாதுகாப்பு இற்றைப்பாடு ஒன்றினால், இரு தளமுடைய கணினிகள் பல லினக்ஸைத் தொடங்க மறுத்தன.

எமது வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. பாதிநேரம் பென் டிரைவ் தேடுவதிற் கழிந்தது. அப்பட்டியல் இன்று மூவரிடம் பிரதியாய் உள்ளது. இம்மலரின் ஈற்றிலும் அச்சாகியுள்ளது. பெயர் விடுபட்டோர் கல்லூரி முகவரிக்கு எழுதுவாராக.