டைல்ஸ் போடுமுன் தரையைத் தட்டிப் பாருங்கள்!

"மேலே டைல்ஸ் ஒட்டிட்டா ஒண்ணுமே தெரியாதும்மா!" என்று மேஸ்திரி சொன்னதை நம்பி, சமையலறையில் வெடித்துக் கிடந்த சிமெண்ட் தரை மேலேயே டைல்ஸ் போட்டுவிட்டேன். சீட்டு எடுத்த பணம். ஆறே மாதத்தில் அடுப்பு மேடைக்கு முன்னால் இரண்டு டைல்ஸ் விரிந்து, ஒன்று பெயர்ந்தது. விருந்துக்கு வந்திருந்த நாத்தனாரின் குழந்தை தவழ்ந்து வர, உடைந்த முனை அதன் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

இரண்டாம் முறை நானே கூட நின்று வேலை வாங்கினேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தட்டிப் பாருங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமில்லையா, அதே மாதிரிதான். சிறு சுத்தியலால் தரை முழுவதும் தட்டினால் நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும். 'பொத் பொத்' என்று கேட்டால் அங்கே பிடிப்பு விட்டுப் போயிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

அடுத்து ஈரம். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கோர்த்திருந்தால் தரை ஈரம் இழுக்கிறது. குழாய்க் கசிவா, மண் ஈரமா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே மற்ற வேலை.

விரிசலின் ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கியிருந்தால் அடிமண் அமுங்கியிருக்கலாம். மேலே பூசிப் பயனில்லை. அந்த இடத்தைத் தோண்டி, மணல் நிரப்பி, தண்ணீர் விட்டு, நன்றாகத் திமிசு போட்டு இடித்துப் புதிதாகக் கான்கிரீட் போட வேண்டும். விரிசல் நாளுக்கு நாள் அகலமானால் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மற்ற சொத்தை இடங்களை, கெட்டித்தளம் வரும் வரை உளியால் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். ஓரம் செங்குத்தாக இருக்க வேண்டும்; காகிதம் போல் சரிந்து முடிந்தால் அந்த ஓரம் சீக்கிரம் உதிரும். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு இரண்டும் போகத் தேய்த்துக் கழுவி, முதல் நாளே நனைத்து வையுங்கள். ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. சிமெண்ட் பால் தடவி, அது காயுமுன்பே கலவை போட வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். பள்ளம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு பொடி ஜல்லி. "கலவை இளக்கமா இருந்தா பூசச் சுளுவு" என்று தண்ணீரைக் கொட்ட விடாதீர்கள், காய்ந்ததும் வெடிக்கும்.

அப்புறம் ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் விட வேண்டும். கொத்தனார் போய்விடுவார், இந்த வேலை நம் தலையில்தான்! பிறகு மட்டப்பலகை வைத்து மேடு பள்ளம் பாருங்கள். குளியலறையானால் வாட்டம் தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கி இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

டைல்ஸ் ஒட்டும்போது நாலு மூலையில் மட்டும் கலவை வைத்து அமுக்குவார்கள். விடாதீர்கள்! அடிப்பக்கம் முழுவதும் பிடிக்க வேண்டும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று விற்கும் பசைக் கலவைதான் ஏற்றது.

கொத்தும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்துக் கொத்தச் சொல்லிவிட்டு, குழந்தைகளையும் ஆஸ்துமாக்காரர்களையும் தள்ளி வையுங்கள். ஈர சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பத்து நாள் தாழ்வாரத்தில் சமைத்தேன். சிரமம்தான். ஆனால் இப்போது நாத்தனார் வந்தால், குழந்தையைத் தைரியமாகத் தரையில் விடுகிறாள்.