காப்புப்பூட்டு (தாழ்ப்பாள் புரிதுப்பாக்கி)

இக்கட்டுரை வேட்டைக்கும் விளையாட்டுக்கும் பயன்பட்ட தாழ்ப்பாள் வகைப் புரிதுப்பாக்கிகளின் காப்புப்பூட்டையும், தேய்ந்த பூட்டுக்குப் பதிலாக வேறொன்றைத் தெரிவு செய்யும் முறையையும் பற்றியது. தானியங்கிப் படைக்கலன்களின் காப்புப்பூட்டு இதில் அடங்காது.

காப்புப்பூட்டு அல்லது சேஃப்டி என்பது, தோட்டா நிரப்பப்பட்ட துப்பாக்கி தவறுதலாக வெடிப்பதைத் தடுக்கும் பொறிமுறை ஆகும். பெரும்பாலான ரைபிள்களில் (புரிதுப்பாக்கிகளில்) இது பெருவிரலால் இயக்கத்தக்க சிறு நெம்புகோலாக அமைந்திருக்கும். வெளியில் தெரியும் நெம்புகோல் எல்லாத் துப்பாக்கிகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளே அது எந்த உறுப்பைத் தடுக்கிறது என்பது வகைக்கு வகை வேறுபடும். பூட்டின் நம்பகத்தன்மை அந்த உறுப்பைப் பொறுத்தே அமைகிறது.

காவிரிப் படுகை போன்ற ஈரப்பதம் மிகுந்த நெல் வயல் பகுதிகளில் பழைய துப்பாக்கிகளின் மரமும் இரும்பும் விரைவில் பாதிக்கப்படுகின்றன. அதனால் இத்தெரிவு இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

## இயங்கும் முறை

தாழ்ப்பாள் வகைத் துப்பாக்கியில் குழலின் பின்வாயை ஓர் உருளை வடிவத் தண்டு அடைக்கிறது. கதவுத் தாழ்ப்பாளைப் போலவே இதையும் கைப்பிடியால் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி, கீழிறக்கி மூட வேண்டும். இத்தண்டே தாழ்ப்பாள் (போல்ட்) எனப்படுகிறது. துப்பாக்கி வெடிப்பதில் பின்வரும் உறுப்புகள் பங்குகொள்கின்றன.

* அடியூசி: தாழ்ப்பாளின் உள்ளே சுருள்வில்லால் முன்னோக்கித் தள்ளப்படும் ஊசி. இது தோட்டாவின் அடிப்பகுதியில் மோதும்போது வெடிமருந்து பற்றுகிறது.
* பின்தலை: அடியூசியின் பின்முனையில் பொருத்தப்பட்ட கட்டி. துப்பாக்கி சுடத் தயாராக இருக்கையில் சுருள்வில்லின் முழு அழுத்தமும் இதன்மீதே தங்கியிருக்கும்.
* தடைப்பல் (சியர்): பின்தலையை முன்னேற விடாமல் பிடித்திருக்கும் சிறு பல்.
* சுடுவிசை: விரலால் இழுக்கப்படும் உறுப்பு. இது தடைப்பல்லைக் கீழிறக்கிப் பின்தலையை விடுவிக்கிறது.

சுடுவிசை, தடைப்பல், பின்தலை என்னும் இச்சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணியைக் காப்புப்பூட்டு தடுக்கிறது.

## வகைகள்

### சுடுவிசையைத் தடுப்பவை

இவ்வகையில் பூட்டு சுடுவிசையை மட்டும் அசையவிடாமல் நிறுத்துகிறது. அமைப்பு எளியது, விலையும் குறைவு. ஆயினும் தடைப்பல் தேய்ந்திருந்தாலோ, அதன் விளிம்பில் அழுக்கு படிந்திருந்தாலோ, துப்பாக்கி கீழே விழும் அதிர்ச்சியில் பின்தலை நழுவக்கூடும். அப்போது சுடுவிசை அசையாமல் இருந்தும் துப்பாக்கி வெடிக்கும்.

### தடைப்பல்லைத் தடுப்பவை

இதில் தடைப்பல்லே நேரடியாக முட்டுக்கொடுத்து நிறுத்தப்படுகிறது. முந்தைய வகையைவிட மேலானது. எனினும் தடைப்பல்லும் பின்தலையும் ஒன்றையொன்று பற்றும் பரப்பு சிறியதாகவே இருப்பதால், அப்பரப்பின் தேய்மானம் இங்கும் குறையாகும்.

### அடியூசியைத் தடுப்பவை

இவ்வகையில் பூட்டு பின்தலையையே பற்றுகிறது. பெரும்பாலான அமைப்புகளில் பூட்டைப் போடும்போது அதன் சாய்ந்த விளிம்பு பின்தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துத் தடைப்பல்லிலிருந்து விலக்கிவிடும். அதன் பின் சுடுவிசையும் தடைப்பல்லும் எந்நிலையில் இருந்தாலும் ஊசி முன்னேற வழியில்லை. தாழ்ப்பாள் துப்பாக்கிகளில் மிகவும் நம்பகமான வகையாக இதுவே கருதப்படுகிறது. மவுசர் 98, லீ-என்ஃபீல்டு, வின்செஸ்டர் மாடல் 70 ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை.

## இருநிலை, மூன்றுநிலைப் பூட்டுகள்

இருநிலைப் பூட்டில் "காப்பு", "சுடு" என்னும் இரு நிலைகளே உண்டு. இவற்றுள் சில, காப்பு நிலையில் தாழ்ப்பாளையும் சேர்த்துப் பூட்டிவிடும். புதருக்குள் நடக்கும்போது தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொள்ளாது என்பது இதன் நன்மை. தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் பூட்டை முதலில் "சுடு" நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருப்பது இதன் தீமை. தோட்டாவை அகற்றும் அதே நேரத்தில் காப்பு இல்லாமற் போகிறது.

மூன்றுநிலைப் பூட்டு இச்சிக்கலைத் தீர்க்கிறது. அதன் நடுநிலையில் அடியூசி தடுக்கப்பட்டே இருக்கும். தாழ்ப்பாளை மட்டும் திறந்து தோட்டாக்களை வெளியேற்றலாம். 1898-ஆம் ஆண்டின் ஜெர்மானிய மவுசர் துப்பாக்கியிலேயே இவ்வமைப்பு இருந்தது.

## இந்தியாவில் காணப்படும் துப்பாக்கிகள்

### .315 இசாப்பூர்

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில், படையினர் பயன்படுத்திய .303 போன்ற தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கிகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தன. விடுதலைக்குப் பின்னும் அவை "தடை செய்யப்பட்ட விட்டம்" என்னும் பிரிவிலேயே வைக்கப்பட்டுள்ளன. இதனால் வேட்டைக்காரர்களுக்கென .315 விட்டத் தோட்டா வழக்கத்துக்கு வந்தது. மேற்கு வங்காளத்தின் இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு அமைப்பில் இத்தோட்டாவுக்கான விளையாட்டுத் துப்பாக்கியைத் தயாரித்தது. உரிமம் பெற்றோரிடம் உள்ள புரிதுப்பாக்கிகளுள் நன்கு அறியப்பட்டது இதுவே. இசாப்பூர் தொழிற்சாலையும், 1966-இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் 1 முதல் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் உள்ளன.

லீ-என்ஃபீல்டு எண் 1 அமைப்பில் காப்புப்பூட்டு இடப்பக்கத்தின் பின்முனையில் உள்ளது. நெம்புகோலைப் பின்னோக்கித் திருப்பினால் காப்பு. முன்னோக்கித் திருப்பினால் சுடுநிலை. நெம்புகோலும் அதனுள் செல்லும் பூட்டுத் தண்டும் பலபுரி மரையால் இணைக்கப்பட்டுள்ளன. பூட்டுத் தண்டு ஒரே நேரத்தில் பின்தலையையும் தாழ்ப்பாளையும் பற்றுகிறது. இது இருநிலைப் பூட்டு. தோட்டாவை எடுக்கச் சுடுநிலைக்கு வந்தாக வேண்டும்.

### மவுசர்

ஆங்கிலேய அதிகாரிகளும் சமஸ்தானத்தாரும் பயன்படுத்திய வேட்டைத் துப்பாக்கிகள் பல மவுசர் அமைப்பைக் கொண்டவை. ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் பரிசாக வழங்கப்பட்ட .275 ரிக்பி துப்பாக்கியும் அத்தகையதே. மவுசரின் பூட்டு தாழ்ப்பாளின் பின்முனையில் சிறகு போல நிற்கும். இடமிருந்து வலமாக அரைவட்டம் சுழலும். துப்பாக்கியின்மீது தொலைநோக்கியைத் தாழ்வாகப் பொருத்தினால் இச்சிறகு சுழல இடமிருக்காது. மவுசர் துப்பாக்கிகளில் பூட்டு மாற்றப்படுவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

## காவிரிப் படுகையின் சூழல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் குறுவை, சம்பா, தாளடி என ஆண்டின் பெரும்பகுதி வயல்களில் நீர் நிற்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. துப்பாக்கியைப் பொறுத்தவரை இச்சூழலின் விளைவுகள் மூன்று.

1. துரு: பூட்டின் அச்சிலும் மரையிலும் துரு ஏறினால் நெம்புகோல் முழுத் தொலைவும் திரும்பாது. வெளியே காப்பு நிலையில் இருப்பதுபோலத் தோன்றினாலும் உள்ளே பின்தலை சரியாகப் பற்றப்பட்டிருக்காது.
2. கெட்டியான எண்ணெய்: துருவுக்கு அஞ்சி அளவுக்கு மீறி இடப்படும் எண்ணெய் நாளடைவில் பசையாகி, தூசியையும் பதர்த்தூளையும் பிடித்துக்கொள்ளும். தடைப்பல் தன் இடத்துக்கு முழுவதும் திரும்புவதை இப்பசை தடுக்கும்.
3. மரத்தின் அசைவு: லீ-என்ஃபீல்டு எண் 1 அமைப்பில் தடைப்பல் இரும்பு உடலிலும், சுடுவிசை அதன் கீழுள்ள காப்பு வளையத்திலும் பொருத்தப்பட்டுள்ளன. இரண்டுக்கும் இடையே மரக்கட்டை இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் உப்பி, கோடையில் சுருங்கும்போது சுடுவிசைக்கும் தடைப்பல்லுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. பின்னர் வந்த எண் 4 மார்க் 2 வடிவத்தில் சுடுவிசை இரும்பு உடலிலேயே பொருத்தப்பட்டு இக்குறை நீக்கப்பட்டது.

மூன்றாவது விளைவு தெரிவுக்கு நேரடியாகத் தொடர்புடையது. மரம் அசைந்தால் சுடுவிசையின் நிலை மாறும். பின்தலையின் நிலை மாறாது. ஆகவே இப்பகுதியில் பின்தலையைப் பற்றும் பூட்டே பொருத்தமானது.

தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் பலவும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, வாரக்கணக்கில் துடைக்கப்படாமல் இருக்க நேர்கிறது. திரும்பப் பெற்றவுடன் காப்புப்பூட்டைச் சோதிப்பது நல்லது.

## மாற்றுப் பூட்டைத் தெரிவு செய்தல்

லீ-என்ஃபீல்டு வகைக்குப் புதிய வடிவப் பூட்டைத் தேடுவதைவிட, அதே அமைப்புக்குரிய நல்ல நிலையிலுள்ள மூல உறுப்புகளைப் பொருத்துவதே சிறந்தது. எண் 1, எண் 4 அமைப்புகளின் உறுப்புகள் பார்வைக்கு ஒத்திருந்தாலும் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை அல்ல. நெம்புகோலையும் பூட்டுத் தண்டையும் இணையாகவே மாற்ற வேண்டும். பலபுரி மரையில் ஒரு புரி தவறிப் பொருத்தினாலும் நெம்புகோல் திரும்பும். ஆனால் பூட்டு விழாது.

மவுசர் வகைக்கு மூன்று வழிகள் உள்ளன.

* தாழ்சிறகுப் பூட்டு: பழைய சிறகுக்குப் பதிலாகத் தொலைநோக்கியின் அடியில் திரும்பும் குறுகிய நெம்புகோல். பழைய இடத்திலேயே பொருந்திப் பின்தலையையே பற்றும். செலவு குறைவு.
* பக்கப்பூட்டுடன் கூடிய சுடுவிசைத் தொகுதி: டிம்னி போன்ற நிறுவனங்கள் தயாரிப்பவை. சுடுவிசை மென்மையாகும். ஆனால் பூட்டு பெரும்பாலும் சுடுவிசைத் தொகுதியை மட்டுமே தடுக்கும். பழைய சிறகை அகற்றிவிட்டு இதைப் பொருத்துவது, நம்பகமான வகையிலிருந்து கீழ்வகைக்கு இறங்குவதாகும்.
* மூன்றுநிலைப் பக்கப்பூட்டு: வின்செஸ்டர் மாடல் 70-ஐப் பின்பற்றி, தாழ்ப்பாளின் பின்மூடியையே மாற்றி அமைப்பது. கிடைமட்டமாகத் திரும்புவதால் தொலைநோக்கிக்கு இடையூறில்லை, பின்தலையையும் பற்றும். பின்தலையில் நுட்பமாக வெட்டிப் பொருத்த வேண்டியிருப்பதால் செலவும் திறனும் கூடுதலாகத் தேவை.

இவை தவிர, நெம்புகோல் இடைநிலையில் நிற்காமல் தெளிவாக ஒரு பக்கம் விழுவதையும், கையுறையுடனும் ஈரக்கையுடனும் இயக்க முடிவதையும், துப்பாக்கிப் பையின் வாரில் சிக்கித் தானாகத் திரும்பாதிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

## பொருத்திய பின் சோதனை

சோதனைக்கு முன் தோட்டா அறையும் தோட்டாக் கூடும் காலியாக உள்ளனவா என்பதைக் கண்ணால் பார்த்தும், விரலால் தொட்டும் உறுதி செய்ய வேண்டும். சோதனை நடக்கும் அறையில் தோட்டாக்கள் இருத்தல் கூடாது.

1. காப்பு நிலையில் சுடுவிசையை வலுவாக இழுத்தால் அடியூசி விழக் கூடாது.
2. சுடுவிசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பூட்டைச் சுடுநிலைக்குத் திருப்பினால் அப்போதும் அடியூசி விழக் கூடாது.
3. தாழ்ப்பாளைப் பூட்டும் வகையாயின், காப்பு நிலையில் கைப்பிடி மேலெழக் கூடாது.
4. தாழ்ப்பாளை விரைந்து மூடினாலும், அடிக்கட்டையை ரப்பர் விரிப்பின்மீது தட்டினாலும் அடியூசி விழக் கூடாது.

இவற்றுள் இரண்டாவதே பலரும் தவறவிடுவது. பூட்டு பின்தலையைப் போதிய அளவு பின்னிழுக்காவிடில், ஒருமுறை கீழிறங்கிய தடைப்பல் மீண்டும் எழும்ப இடமிருக்காது. பின்தலை பூட்டின்மீது மட்டுமே சாய்ந்து நிற்கும். பூட்டை விடுவித்த அக்கணமே துப்பாக்கி வெடிக்கும்.

அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்த ரெமிங்டன் மாடல் 700 துப்பாக்கி, சுடுவிசையைத் தொடாமலேயே பூட்டை விடுவிக்கும்போது வெடித்ததாகப் பல வழக்குகளைச் சந்தித்தது. 1982-க்கு முன் செய்யப்பட்டவற்றில் காப்பு நிலையில் தாழ்ப்பாளும் பூட்டப்பட்டிருந்ததால், தோட்டாவை எடுக்கவே பூட்டை விடுவிக்க வேண்டியிருந்தது. 2006 முதல் 2014 வரை செய்யப்பட்ட புதிய சுடுவிசைத் தொகுதி கொண்ட துப்பாக்கிகளை அந்நிறுவனம் 2014 ஏப்ரலில் திரும்ப அழைத்தது.

## சட்டம்

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும் நடைமுறையில் உள்ளன. சட்டத்தின் வரையறைப்படி படைக்கலம் என்பது அதன் உறுப்புகளையும் உள்ளடக்கும். எனவே மாற்றுப் பூட்டை அயல்நாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைப்பது சாதாரண உதிரிப்பாகக் கொள்முதல் அன்று. பிரிவு 10-இன்படி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் பிரிவு 5-இன்படி தனி உரிமம் தேவை. ஆகையால் துப்பாக்கியை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தே பூட்டை மாற்ற வேண்டும். பட்டறையிலோ வீட்டிலோ மாற்றுவது குற்றமாகும். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டு மட்டுமே.

பயிர்க்காவலுக்கென உழவர்கள் பெறும் உரிமம் பொதுவாகப் புரிதுப்பாக்கிக்கு உரியதன்று. பிரிவு 13 அதற்கு முன்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே குறிப்பிடுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டையும் தடை செய்யப்பட்டுள்ளது. வெளிமான்களுக்காக 1967-இல், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், கோடியக்கரை சரணாலயம் அமைக்கப்பட்டது. காட்டுப்பன்றிகளைச் சுடுவது குறித்து 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவும், காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்பதாகும். நில உரிமையாளர்களுக்கு அவ்வுரிமை வழங்கப்படவில்லை. இன்று இத்துப்பாக்கிகள் பெரும்பாலும் தற்காப்புக்கும் இலக்குப் பயிற்சிக்கும் குடும்ப உடைமையாகவுமே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் சுடப்படாமல் இருப்பதாலேயே அவற்றின் பூட்டுப் பழுது வெளித்தெரியாமல் போகிறது.

## வரம்புகள்

எந்தக் காப்புப்பூட்டும் பொறிமுறைதான். தேயும், துருப்பிடிக்கும், அழுக்கேறும். குழல்முனையை ஆளில்லாத திசையில் வைத்திருத்தல், சுடும் கணம் வரை விரலைச் சுடுவிசைக்கு வெளியே வைத்திருத்தல், வீட்டுக்குள் தோட்டா நிரப்பாதிருத்தல் ஆகிய மூன்றுக்கும் அது மாற்றாகாது. நடவிலும் அறுவடையிலும் வரப்புக்கு வரப்பு ஆட்கள் நிற்கும் சமவெளியில் குண்டைத் தடுத்து நிறுத்த மேடு எதுவும் இல்லை. புரிதுப்பாக்கியின் குண்டு வயல்களைக் கடந்து அடுத்த ஊர் வரை செல்லக்கூடியது.

## இவற்றையும் பார்க்க

* சுடுகலன்
* லீ-என்ஃபீல்டு
* மவுசர்
* தோட்டா
* கோடியக்கரை காட்டுயிர் உய்விடம்