மாத்திரையா, வாழ்க்கை முறை மாற்றமா? சர்க்கரை நோயாளிகள் அறிந்துகொள்ள வேண்டியவை

சர்க்கரை நோயைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. "மாத்திரைதான் ஒழுங்காகப் போடுகிறோமே, பிறகு எதற்கு வாயைக் கட்ட வேண்டும்?" என்பது ஒன்று. கல்யாண விருந்தில் பிரியாணி முடிந்து இனிப்பு வரும்போது, சட்டைப் பையில் இருந்து மாத்திரையை எடுத்து ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக் கொள்பவர்களை நாம் பார்க்கத்தான் செய்கிறோம். மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது, கிட்னி போய்விடும் என்பது மற்றொரு பேச்சு. இதை நம்புபவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த வெந்தயத் தண்ணீர், ஆவாரம்பூ கஷாயம் என்று எதையாவது பிடித்துக் கொண்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்றுதான் இரு சாராருமே நினைக்கிறார்கள். உண்மையில் மாத்திரை செய்யும் வேலை வேறு, உணவும் நடையும் செய்யும் வேலை வேறு. யாருக்கு எது எவ்வளவு தேவை என்பது நோயின் வகையையும், அது வந்து எத்தனை வருடம் ஆனது என்பதையும் பொறுத்தது. இந்த விவரம் தெரியாததால் கண்ணையும் காலையும் இழப்பவர்கள் நம் குடும்பங்களிலேயே இருப்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது.

பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். இதில் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, ஆனால் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. ஈரல் தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டிக் கொண்டே இருக்கும். ஈடுகொடுக்க முயன்று முயன்று கணையமும் நாளடைவில் சோர்ந்துவிடும். நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் திறனில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருக்கும் என்று பிரிட்டனில் 1977-ல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று நாம் சொல்லிக் கொண்டிருக்கும் காலத்திலேயே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மின் முக்கியமாக ஈரல் கொட்டும் சர்க்கரையைக் குறைக்கிறது. கிளிமிபிரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினை அதிகமாகச் சுரக்க வைக்கின்றன. தட்டில் விழும் சோற்றின் அளவை எந்த மாத்திரையும் பார்ப்பதில்லை. விருந்துக்காகக் கூடுதலாக ஒரு மெட்ஃபார்மின் போட்டால் அந்த வேளைச் சாப்பாட்டை அது கரைத்துவிடாது. கிளிமிபிரைடைக் கூடுதலாகப் போட்டால் சில மணி நேரம் கழித்து, ஒருவேளை தூக்கத்தில், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

நடக்கும்போது நடப்பது வேறு. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலேயே இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக் கொள்ளும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே வித்தியாசம் தெரிவதற்குக் காரணம் இதுதான். எடை குறைந்தால் ஈரலில் படிந்த கொழுப்பும் குறைகிறது. அப்போது ஈரல் மறுபடி இன்சுலினின் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2002-ல் அமெரிக்காவில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு ஆகியவற்றை இலக்காகக் கொண்டவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களிடம் 31 சதவீதம் குறைந்தது. இந்தக் கணக்கைத்தான் மாத்திரை வேண்டாம் என்பவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமான கணக்கு 2006-ல் சென்னையில் இருந்து வந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இதே நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாண்டில், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களிடம் அது 39.3 சதவீதம். குறைந்த அளவு மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிடமும் 39.5 சதவீதம்தான்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் மிகவும் பருமனானவர்கள். சென்னைக்காரர்கள் அப்படியல்ல, நம்மைப் போல நடுத்தர உடல்வாகு. எடை பெரிதாகக் குறையாமலேயே அவர்களுக்குப் பலன் கிடைத்தது. "நான் ஒல்லிதானே, எனக்கு எதற்கு நடை?" என்பவர்களுக்கு இதுவே பதில். அதேசமயம், நடந்தும் வாயைக் கட்டியும் நூற்றில் 39 பேருக்கு நோய் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்கள் முயற்சி செய்யவில்லை என்று குறை சொல்வது நியாயமல்ல. பரம்பரையும் ஒரு பங்கு வகிக்கிறது. நம் வீடுகளில் உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ சர்க்கரை வந்ததும் "இனிப்பு தின்றுதான் வந்தது" என்று பிள்ளைகள் ஏசுவதை நிறுத்தினால் நல்லது.

சரி, நோய் வந்தபின் மாத்திரையே இல்லாமல் இருக்க முடியுமா? சிலருக்கு முடியும். பிரிட்டனில் 2017-ல் வெளியான ஆய்வில், தினமும் ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே உள்ள உணவை மூன்று முதல் ஐந்து மாதம் வரை எடுத்து, பிறகு படிப்படியாக வழக்கமான உணவுக்கு வந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமல் நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் இது 86 சதவீதம். யூடியூபில் "சர்க்கரையை விரட்டினேன்" என்று வரும் காணொளிகள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

காணொளியில் சொல்லாமல் விடுவதைக் கேளுங்கள். நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களை மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்தார்கள். இன்சுலின் போடுபவர்கள் யாரும் இல்லை. மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் குழு, அதுவும் தொடர்ந்து கண்காணித்துக் கொண்டே. இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 சதவீதமாகக் குறைந்துவிட்டது, ஏனென்றால் எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ள, கணையம் களைத்துப் போன ஒருவர் இதே காணொளியைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் அவருக்குக் கிடைப்பது வேறு முடிவாகத்தான் இருக்கும்.

முதல் வகைச் சர்க்கரை நோயில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. பெரும்பாலும் சிறுவயதில் வரும் இந்த நோயில் கணையம் இன்சுலினை அநேகமாகச் சுரப்பதே இல்லை. 1921-ல் கனடாவின் டொரண்டோவில் இன்சுலின் கண்டறியப்படும் வரை இந்தப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்களோ, ஓரிரு வருடங்களோ உயிரை நீட்டிக்கத்தான் முடிந்தது. "ஊசி வேண்டாம், நான் மருந்திலேயே குணமாக்குகிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய பேர் வாங்கியவராக இருந்தாலும், அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு அங்கிருந்து கிளம்பி விடுங்கள். ஊசி நின்றால் சில நாட்களில், சில சமயம் ஓரிரு நாளிலேயே, உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இனி அந்தக் கிட்னி பயம். சர்க்கரை நோயாளிகளுக்குக் கிட்னி கெடுவது, பல ஆண்டு கட்டுக்குள் வராத சர்க்கரையாலும் இரத்த அழுத்தத்தாலும்தான். கிட்னி கெட்ட நேரத்தில் அவர் மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தார் என்பதால் பழி மாத்திரை மேல் விழுகிறது. கிட்னி ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால் மெட்ஃபார்மினைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும் என்பது உண்மை. அதற்காகத்தான் கிரியேட்டினின் பரிசோதனை. நீண்டகாலம் அதைச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதும் உண்மை, அதையும் பரிசோதித்துச் சரிசெய்யலாம். ஆச்சரியம் என்னவென்றால், கிட்னியை உண்மையிலேயே பாதிக்கக்கூடிய மூட்டுவலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறோம். அதற்கு யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை.

பெயர், கலவை எதுவும் எழுதாமல் பொட்டலமாக விற்கும் 'சர்க்கரைப் பொடி' விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் கிளிபென்கிளமைடு போன்ற அலோபதி மருந்தையே ரகசியமாகக் கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை மளமளவென்று இறங்கும், நம்பிக்கையும் வரும். எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

பிரஷருக்கும் ஏறத்தாழ இதே கதைதான். தலைசுற்றல் இல்லை, அதனால் பிரஷர் இல்லை என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் அதிகம். பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாது. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் குறைத்தாலே பலருக்கு அளவு இறங்கும். ஆனால் அட்டெனலால் போன்ற சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட வரலாம். குறைப்பதாக இருந்தால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வாழ்க்கை முறையை மாற்றுங்கள் என்று சொல்வது எளிது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஆண்கள் கடற்கரைப் பக்கமோ ரயில்வே ஸ்டேஷன் பக்கமோ நடந்துவிட்டு வருகிறார்கள். அதே நேரத்தில் அடுப்படியில் நிற்கும் பெண்கள் எப்போது, எங்கே நடப்பது? வீட்டு வேலையே உடற்பயிற்சிதான் என்று நாம் அவர்களைச் சமாதானப்படுத்துகிறோம். நின்ற இடத்தில் நின்று செய்யும் வேலை, மூச்சு வாங்க நடக்கும் நடைக்கு ஈடாகாது. மாலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்க அவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது வீட்டு ஆண்களின் கையில்தான் இருக்கிறது. சாப்பாட்டிலும், இரவு இரண்டு பரோட்டாவை ஒன்றாக்கி மீனையும் காய்கறியையும் கூட்டுவது வீடே சேர்ந்து செய்தால்தான் நிலைக்கும். ஒருவருக்கு மட்டும் கோதுமைக் கஞ்சி, மற்றவர்களுக்கு நெய்ச்சோறு என்றால் எத்தனை நாள் தாங்கும்?

மாற்றம் பலன் தர ஆரம்பிக்கும்போதும் கவனம் தேவை. சாப்பாட்டைக் குறைத்து, நடையைக் கூட்டி, பழைய அளவு மாத்திரையையும் போட்டுக் கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து போகலாம். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, அளவு 70-க்குக் கீழ் இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரையைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். டாக்டரிடம் போய் "நான் இவ்வளவு நடக்கிறேன், இவ்வளவு சாப்பிடுகிறேன், மாத்திரையைக் குறைக்கலாமா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

ரமலானில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் 2001-ல் எடுத்த ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளுக்குச் சர்க்கரை கடுமையாகத் தாழ்வது மற்ற மாதங்களைவிட ரமலானில் ஏழரை மடங்கு அதிகமாக இருந்தது. காலை மாத்திரையை அப்படியே ஸஹருக்கு மாற்றிக் கொள்வது நாமே செய்துகொள்ளும் ஏற்பாடு, அது பல மருந்துகளுக்குப் பொருந்தாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்தால் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார், யார் நோன்பு வைக்கலாம், யாருக்கு ஆபத்து என்பதையும் சொல்வார். பகலில் விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களும் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். 70-க்குக் கீழ் இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். இஃப்தாரில் வடையும் சம்சாவும் ரோஸ்மில்க்கும் ஒரேயடியாக உள்ளே போனால் இரண்டாவது எண்ணைத் தொடுவது கடினமல்ல.

மாத்திரைக்குப் பணமில்லை என்று இடையில் நிறுத்துபவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன என்பதைச் சொல்லுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களின் நிலை தனி. ஊருக்கு வரும்போது பழைய சீட்டைக் காட்டி ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு மாத்திரை வாங்கிக் கொண்டு போகிறார்கள். அங்கே இரவு ஷிப்ட், நேரம் தவறிய சாப்பாடு, கிடைத்தால் குப்பூஸ், இல்லையென்றால் ஹோட்டல் பிரியாணி. சர்க்கரையின் அளவு மாறிக் கொண்டே இருக்கும், மாத்திரையின் அளவு மட்டும் மூன்று வருடத்துக்கு முன் எழுதியதாகவே இருக்கும். விடுமுறையில் வந்தால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாமல் முதல் வாரத்திலேயே, கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். விழித்திரையையும் பாதத்தையும் காட்டிவிட வேண்டும். அப்போதுதான் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தாலும் அது ஒத்துக்கொள்கிறதா என்று கவனித்து, விமானம் ஏறும் முன் இன்னொரு முறை அவரைப் போய்ப் பார்க்க நாள் இருக்கும்.